பத்துக்குப் பதினைந்து அடி அறையில் ஒரு போட்டோ கேலரி: வடசென்னையில் தொடங்க நினைப்பவர்களுக்கு

ஒரு கடை அளவு ரூம், மூன்று சுவர், பதினாறு படம் இருந்தால் போதும், ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றி ஊரோடு பேசத் தொடங்கிவிடலாம். சென்னையில் ஓவியமோ போட்டோவோ பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர், கிரீம்ஸ் ரோடு, அதையும் தாண்டினால் ஈசிஆரில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்றுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் எடுத்த படங்கள்கூட அங்கேதான் மாட்டப்படுகின்றன. படத்தில் இருக்கிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு கண்காட்சி நடந்ததே தெரியாது. இதை மாற்றுவதற்குத்தான் இந்தச் சின்ன கேலரி. அதனால் வாடகையிலிருந்து விளக்கு வரைக்கும் எதை முடிவு பண்ணினாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தில் இருப்பவர் வேலை முடிந்த கையோடு, போட்டிருக்கும் துணியோடு, கூச்சப்படாமல் உள்ளே வந்து பார்ப்பாரா?

முதலில் இடம். தெருவை ஒட்டிய தரைத்தளத்தில், ஷட்டர் போட்ட ரூமாகப் பாருங்கள். படி ஏறிப் போகும் மாடி வேண்டாம், கண்ணாடிக் கதவும் வேண்டாம், அது இரண்டுமே "இது நமக்கான இடம் இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிடும். டீக்கடை, ரேஷன் கடை, தண்ணீர் லாரி நிற்கும் முனை, இப்படி ஆட்கள் எப்படியும் காத்துக் கிடக்கும் இடத்துக்குப் பக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது. மெட்ரோ 2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடுவதால் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, தேரடி ஸ்டேஷன்களிலிருந்து நடக்கிற தூரத்தில் இடம் அமைந்தால் தென்சென்னையிலிருந்து வருபவர்களுக்கும் சுலபம், ஆனால் அவர்களுக்காக இடத்தைத் தேடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது, பத்து மாதம் கேட்கும் ஓனரிடம் இதைச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். ஈபி கனெக்‌ஷன் வீட்டுக்கானதா கடைக்கானதா என்றும் கேட்டுவிடுங்கள். தனி ரூமுக்குக் காசு இல்லையா, கேரம் கிளப், டியூஷன் சென்டர், மீனவர் பஞ்சாயத்துக் கட்டடம், தொழிற்சங்க ஆபீஸ் என்று எத்தனையோ சுவர்கள் சனி ஞாயிறில் கிடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருவில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, பிரிண்டுகளை அடுக்கி வைக்கும் பரணை அதற்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, எதைப் பற்றி. ஒரு கண்காட்சிக்கு ஒரு விஷயம்தான். "வடசென்னை வாழ்க்கை" என்று தலைப்பு வைத்தால் பாக்சிங், கானா, மீன் மார்க்கெட், குப்பைமேடு எல்லாம் வந்து நிற்கும், பார்த்தவர் எதையும் எடுத்துக்கொண்டு போகமாட்டார். எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக முகத்துவாரம் வரை படர்ந்து படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் சேர்வது வருடக்கணக்கான கதை. இதில் ஒன்றை மட்டும், உதாரணமாக ஆற்றில் இறால் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு எண்ணெய் கொட்டியதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதை மட்டும் எடுத்தால், பதினாறு படத்தில் முழுசாகச் சொல்ல முடியும்: கை, வலை, படகின் பக்கவாட்டில் படிந்த கறுப்புக் கோடு, விற்காத கூடை, வீட்டுக் கடன் நோட்டு. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை மாதிரித் தடை செய்யப்பட்ட இடங்களுக்குள் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள், சட்டச் சிக்கல் உங்களோடு நிற்காமல் கூட வந்த ஊர்க்காரர்களையும் இழுத்துவிடும்.

இனி, யார் எதைவிட்டாலும் விடக்கூடாத விஷயம், அனுமதி. எடுக்கும்போது சரி என்று தலையாட்டியதை மாட்டுவதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுக்கலாமா, தெருவில் மாட்டலாமா, இன்ஸ்டாகிராமில் போடலாமா, இது மூன்றும் மூன்று தனிக் கேள்வி, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழிலேயே ஒரு படிவம் போடுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டு ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள். அதில் "எப்போ வேண்டாம்னு சொன்னாலும் இறக்கிடுவோம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அப்புறம் மாட்டப்போகும் பிரிண்டையே வீட்டுக்கு எடுத்துப் போய், "அக்கா, இந்தப் படம்தான், இந்த அளவுலதான் மாட்டப்போறோம், கீழ இதைத்தான் எழுதியிருக்கோம், உங்களுக்குச் சரியா?" என்று கேளுங்கள். போன் திரையில் சரி என்றவர் பெரிய பிரிண்டில் தன் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லலாம், மகளுக்கு வரன் பார்க்கிறார்களாக இருக்கும், கான்ட்ராக்டர் பார்த்தால் வேலை போய்விடுமோ என்ற பயமாக இருக்கும். காரணம் கேட்டு நிற்காமல் படத்தை எடுத்துவிடுங்கள். சாக்கடைக் குழியில் இறங்கும் தொழிலாளிகளின் படத்தில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும், ஏனென்றால் பாதுகாப்புக் கருவி இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்வது 2013 சட்டப்படி குற்றம், ஆனால் படம் வெளியே வந்தால் முதலில் அடிபடுவது இறங்கினவரின் கூலிதான்.

குழந்தைகள் விஷயத்தில் பேச்சே இல்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை, மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளி, வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தை, இவர்களை அடையாளம் காட்டுவதைப் போக்சோ சட்டமும் 2015-இன் இளைஞர் நீதிச் சட்டமும் தடை செய்கின்றன. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல், கூட நிற்கும் அம்மா, எதிலிருந்தும் அடையாளம் தெரியக்கூடாது.

பிரிண்ட் போடுவதற்குப் பெரிய கேமரா படம்தான் வேண்டுமென்பதில்லை. 12 மெகாபிக்சல் போன் படம் ஏறக்குறைய 3000-க்கு 4000 பிக்சல், அதை 12-க்கு 16 அங்குலத்தில் அடித்தால் அங்குலத்துக்கு 250 பிக்சல் வருகிறது, மூன்றடி தள்ளி நின்று பார்க்க அது தாராளம். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கடையில் "5 எம்எம் சன்போர்டில் ஒட்டி மேட் லேமினேஷன்" என்று கேளுங்கள், அதாவது லேசான நுரைப் பலகையில் ஒட்டி, மேலே பளபளக்காத உறை. கண்ணாடி ஃபிரேமில் எதிர்ச் சுவர் டியூப் லைட்தான் தெரியும், கடல் காற்றில் உள்ளே பூஞ்சையும் பிடிக்கும். ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், உயிரோடு இருப்பவர் முகத்தைப் பெரிதாக ஃபிளெக்ஸில் அடித்துத் தெருவில் வைத்தால் கண்ணீர் அஞ்சலி பேனர் என்று வீட்டு ஆட்கள் பதறிப் போவார்கள். எல்லாவற்றையும் அடிக்கும் முன்னால் ஒன்றே ஒன்றை அடித்துப் பாருங்கள், போனில் தெரிவதைவிடத் தாளில் இருட்டாகத்தான் வரும். இன்னொன்று, முகத்தை வெளுக்க வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பல ஸ்டுடியோக்களில் கேட்காமலேயே வெளுத்துக் கொடுப்பார்கள், வெயிலில் கறுத்த ஒரு மீனவரின் தோலை அப்படி மாற்றி மாட்டுவது அவர் உழைப்பையே அழிப்பதுதான்.

மாட்டுவது கணக்கு வேலை. பத்துக்குப் பதினைந்து ரூமில் ஷட்டர் பக்கம் போக மூன்று சுவரும் சேர்ந்து 40 அடி. 16 அங்குலப் படம், நடுவில் 8 அங்குல இடைவெளி என்றால் படத்துக்கு 2 அடி, மூலையும் ஸ்விட்ச் போர்டும் போனால் பதினாறு, மிஞ்சிப் போனால் பதினெட்டு. அதற்கு மேல் திணிக்காதீர்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது மியூசியப் பழக்கம், பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் 50-க்கு இறக்குங்கள். ஓனர் ஆணி அடிக்கக்கூடாது என்றால் சுவரின் இரண்டு ஓரத்திலும் கொக்கி போட்டு, காசிமேட்டில் கிடைக்கும் கனமான தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, பைண்டர் கிளிப்பில் தொங்கவிடலாம். இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் கோடு கோடாக வழியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். விளக்கு 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) எல்இடியாக இருக்கட்டும், பெட்டியில் சிஆர்ஐ 90 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் தோல் நிறம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

படத்துக்குக் கீழே எழுதுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "வலியின் சாட்சி", "விடியாத இரவு" என்றெல்லாம் எழுதாதீர்கள், அந்த வார்த்தைகள் படத்தில் இருப்பவருக்கு எந்த உதவியும் செய்யாது. இடம், மாதம், வருடம், அவர் செய்யும் வேலை, அன்று நடந்தது, அவர் சொன்ன ஒரு வரி. 1908 தொடங்கி அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, வேலை, எத்தனை மணி நேரம் என்று குறித்து வைத்தார். மில் முதலாளிகள் மறுக்க வந்தபோது அந்தக் குறிப்புகள்தான் படங்களுக்குப் பலமாக நின்றன. தமிழில், பெரிய எழுத்தில், ஐம்பது வார்த்தைக்குள் எழுதுங்கள். படிக்க முடியாதவர்களுக்காகப் படத்தில் இருப்பவரின் குரலையே பதிவு செய்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓடவிடலாம். கியூஆர் கோடு மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

திறக்கும் நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது. விடிகாலையில் ஏலத்துக்குப் போகிறவர்கள் மதியம் தூங்குவார்கள். மீனவர்களைப் பற்றிய கண்காட்சி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வையுங்கள், விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஸ்கூலும் பெரும்பாலும் லீவு. முதல் நாள் படத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும், டீயும் சமோசாவும் வைத்து. பத்திரிகைக்காரர்களும் கவுன்சிலரும் மறுநாள் வரட்டும்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, ஒரு ஆளை உட்கார வையுங்கள். பார்த்து மனசு கனத்தவர் அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் பதில் வேண்டுமே. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100, மாநகராட்சிப் புகாருக்கு 1913, இதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்னும் தெரியாத குடும்பங்கள் இருக்கக்கூடும், மேஜையில் இருப்பவர் இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மனு எழுத வெள்ளைத்தாளும் பேனாவும் வையுங்கள்.

இரண்டாவது கண்காட்சிக்குள் கேமராவை அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கிராமப்புற மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்தின் புகைப்படக்காரர் எம். பழனி குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் படமெடுத்ததோடு நிற்காமல், பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் கற்றுக்கொடுத்து வருகிறார். அந்த வழியில் போகலாம். பிள்ளைகள் எடுத்த படத்தின் உரிமை அவர்களுடையதுதான், விற்றால் காசும் அவர்களுக்கே. நன்கொடை வாங்குவதாக இருந்தால் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துவிட்டு ரசீது போட்டு வாங்குங்கள்.

முடிந்ததும் பிரிண்டுகளைக் குடோனில் போடாதீர்கள். படத்தில் இருந்தவர் கேட்டால் முதலில் அவருக்கு, மீதியைப் பக்கத்து ஸ்கூலுக்கும் அடுத்த குப்பத்துக்கும் வரிசையாக அனுப்பலாம், சன்போர்டு என்பதால் ஒரு ஆட்டோவில் எல்லாமே அடங்கிவிடும். எந்தப் பலகை யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், யாராவது சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அன்றைக்கே போய் வாங்கிவர அது வேண்டும்.