பிளாஸ்மிட் டி.என்.ஏ.: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எஸ்.டி.பி.எம். என்னும் மலேசிய உயர்நிலைத் தேர்வில் உயிரியல் எழுதும் நம் மாணவர்களில் பலர், பிளாஸ்மிட் (உயிரணுவில் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ.) என்றதும் ஒரு வட்டத்தை வரைந்து, அதில் ஒரு மருந்தெதிர்ப்பு மரபணுவைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். வட்டம் தவறன்று, ஆனால் அதோடு நின்றுவிடும் புரிதல், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் அவர்களைத் தடுமாற வைக்கிறது.

பாக்டீரியாவுக்குள் இருக்கும் பிளாஸ்மிட் தளர்ந்த வளையமாகக் கிடப்பதில்லை. கைரேஸ் என்னும் நொதி அதை இரட்டைச் சுருளுக்கு எதிர்த்திசையில் முறுக்கி இறுக்கமான மீச்சுருளாக வைத்திருக்கிறது. பிரித்தெடுக்கும்போது ஓர் இழையில் சிறு வெட்டு விழுந்தாலே அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் அது நேர்கோடாகிவிடும். ஆகவே நொதியால் வெட்டாத மாதிரியை, டி.என்.ஏ.வை மின்புலத்தால் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டும்போது பொதுவாக மீச்சுருள் முன்னே ஓட, நேர்கோட்டு வடிவம் நடுவிலும் தளர்ந்த வளையம் பின்னாலும் நிற்கும். இதைப் பார்த்து மூன்று பிளாஸ்மிட்டுகள் கலந்துவிட்டன என்று அறிக்கை எழுதுவதும், மீச்சுருள் பட்டையை, நீளம் தெரிந்த நேர்கோட்டு டி.என்.ஏ. அளவுக்குறியோடு ஒப்பிட்டு நீளத்தைக் கணிப்பதும் அடிக்கடி நிகழும் பிழைகள். 2,686 கார இணைகள் கொண்ட பி.யு.சி.19 என்னும் ஆய்வுக்கூடப் பிளாஸ்மிட்டின் நீளத்தை அறிய வேண்டுமானால், அதை ஒரே இடத்தில் வெட்டும் இகோஆர்-1 போன்ற நொதியால் நேராக்கிய பிறகே ஓட்ட வேண்டும்.

இரட்டிப்பு பற்றிய குழப்பம் இதைவிட ஆழமானது. குரோமோசோம் இரட்டிக்கும்போது பிளாஸ்மிட்டும் கூடவே ஒருமுறை இரட்டிக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். வேறு சிலர், எந்த உதவியும் இன்றித் தானே இரட்டிக்கிறது என்கிறார்கள். இரட்டிப்பின் தொடக்கப்புள்ளியும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறையும் பிளாஸ்மிட்டுக்குச் சொந்தம். நொதிகளில் பெரும்பாலானவை உயிரணுவுக்குச் சொந்தம் என்பதே சரி. கோல்-இ1 என்னும் பிளாஸ்மிட் வகையில் இதைத் தெளிவாகக் காணலாம். தொடக்கப்புள்ளிக்கு ஏறத்தாழ 550 காரங்கள் முன்பிருந்து ஆர்.என்.ஏ.-2 உருவாகி டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ள, ஆர்.என்.ஏஸ்-எச் என்னும் நொதி அதை வெட்டித் தர, அந்த முனையிலிருந்து டி.என்.ஏ. பாலிமரேஸ்-1 புதிய இழையைத் தொடங்குகிறது. எதிர் இழையிலிருந்து உருவாகும் சிறிய ஆர்.என்.ஏ.-1, ஆர்.என்.ஏ.-2-வைப் பற்றிக்கொண்டு இதைத் தடுக்கிறது. பிளாஸ்மிட்டுகள் பெருகப் பெருக ஆர்.என்.ஏ.-1-உம் பெருகுவதால் இரட்டிப்பு தானாகவே மட்டுப்படுகிறது. எவ்வளவு அழகான கட்டுப்பாடு! இதை மனப்பாடம் செய்யாமல், ஒருமுறை கையால் வரைந்து பார்த்தால் மறக்காது.

இது புரிந்தால், எல்லாப் பிளாஸ்மிட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று எழுத மாட்டோம். ஆர்.என்.ஏ.-1-இன் பிடியை உறுதிப்படுத்தும் ராப் புரதம் உள்ள பி.பி.ஆர்.322 என்னும் பிளாஸ்மிட் உயிரணுவுக்கு 15 முதல் 20 வரை இருக்கும். அந்தப் புரதம் இல்லாமல், ஆர்.என்.ஏ.-2 பகுதியில் ஒரு கார மாற்றமும் கொண்ட பி.யு.சி. வகை பல நூறாகப் பெருகும். ஏறத்தாழ 100,000 கார இணைகள் நீளமுள்ள எஃப் பிளாஸ்மிட்டோ ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால், மகள் உயிரணுக்களுக்குப் பங்கிடத் தனிப் புரதங்களையே வைத்திருக்கிறது. ஒரே கட்டுப்பாட்டைப் பகிரும் பி.யு.சி.யையும் பி.பி.ஆர்.322-ஐயும் ஓர் உயிரணுவில் நெடுநாள் சேர்த்து வைக்க முயல்வதும் வீண். இரண்டாவது பிளாஸ்மிட்டாக, வேறு கட்டுப்பாடு கொண்ட பி15ஏ தொடக்கப்புள்ளி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரட்டிப்பை எப்போதும் இரு திசையிலும் நகர்வதாக வரைய வேண்டாம். கோல்-இ1 ஒரே திசையில்தான் நகரும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் காணப்படும் பி.டி.181, ஒரு இழை வெட்டப்பட்டு உருளும் வளைய முறையில் இரட்டிக்கும். பிளாஸ்மிட் எல்லாமே வட்டமும் அன்று: பொரேலியா என்னும் பாக்டீரியாவில் நேர்கோட்டுப் பிளாஸ்மிட்டுகளும் உண்டு. பாக்டீரியாவில் மட்டுமன்றி ஈஸ்ட்டிலும் பிளாஸ்மிட் உண்டு.

கடைசியாக, பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவை மட்டும் வளர விடும் ஆம்பிசிலின் (நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) கலந்த வளர்ப்புத் தட்டு. எதிர்ப்பு மரபணு உருவாக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதி உயிரணுவுக்கு வெளியேயும் கசிந்து, சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுகிறது. அதனால் பாக்டீரியாக்களின் பெரிய கூட்டத்தைச் (காலனி) சுற்றிப் பிளாஸ்மிட்டே இல்லாத சின்னஞ்சிறு கூட்டங்கள் முளைக்கின்றன. தட்டை 37 பாகையில் ஓர் இரவுக்கு மேல் வைக்காமல் எடுத்து, நடுவிலுள்ள பெரிய கூட்டத்தை மட்டும் தொட்டு வளர்க்க வேண்டும். ஊற்றிய தட்டுகளை நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டுவைக்காமல் 4 பாகைக் குளிரில் வைப்பதும் அவசியம், ஏனெனில் ஆம்பிசிலின் விரைவில் வலுவிழக்கும் மருந்து.