கத்திப் பிடியில் காசு போகிற இடங்கள்

துளை கோணலாகப் போவது, அரம் வழுக்கி அலகில் கீறல் விழுவது, இதெல்லாம் பத்துப் பிடி போட்டால் தானாகப் போய்விடும். அவற்றை விட்டுவிடுவோம். கீழே இருப்பவை செய்யும்போது தவறென்றே தெரியாது. மூன்று மாதம் கழித்துக் கத்தி திரும்பி வரும்போதுதான் தெரியும்.

பச்சை மரத்தில் பிடி

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது, எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட காப்பிக் கட்டை இரண்டு டிக்கியில் ஏறிவிடும். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கை வெட்டியிருந்தால் அதிலும் ஒரு துண்டு. காப்பிக் கட்டையைக் குறை சொல்ல முடியாது: நெருக்கமான இழை, வெளிர் நிறம், தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். அடுத்த ஞாயிறே அதை அறுத்து, ஒட்டி, ஆணி அடித்து, படமும் எடுத்து அனுப்புகிறார்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது.

மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். 30 மி.மீ. அகலமான பச்சைப் பிடிக் கட்டை, முழுக்கக் காய்வதற்குள் 2 மி.மீ. வரை இழந்துவிடும். அலகிலிருந்து பிடிக்குள் நீளும் இரும்புக் காம்பு இம்மியும் அசையாது. ஆணியும் பசையும் மரத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் அதற்கு ஒதுங்க இடமில்லை. ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை நேர்க்கோடாக வெடிக்கும். அல்லது இரண்டு முனையும் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி வெளிப்பக்கம் தூக்கும். கூடுதலாக ஆணி அடித்தால் நிற்கும் என்று நினைப்பவர்கள், வெடிப்புக்குக் கூடுதலாக வழி போட்டுக் கொடுக்கிறார்கள்.

“மேலே தொட்டா காஞ்சுதாங்க இருக்கு” என்பது அடிக்கடி வரும் பதில். மேல்தோல் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அது மட்டுமில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே மழைக்கால மூடுபனியில், கொட்டகையில் ஒரு வருடம் கிடந்த மரம்கூடச் சேலத்துக்கு ஈரமரம்தான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏப்ரல் வெயிலில் இங்கே ஒரு மாதம் இருந்தால் இன்னும் ஓர் அரை மி.மீ. சுருங்கும். அரை மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. பிடித்த கைக்குத் தெரியும்: காம்பின் விளிம்பு மரத்தை விட்டு மேலே எழும்பி உள்ளங்கையை அறுக்கும்.

எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்பதும் வீண் ஆறுதல். எண்ணெய் ஈரம் போகிற வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. மரத்துக்குள் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்) ஏற்றிப் பார்க்கலாம் என்றால், அதற்குக் காய்ந்த மரத்தையும் விட வறண்ட மரம் வேண்டும். தண்ணீர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ரெசின் எப்படி நுழையும்?

செய்ய வேண்டியது அலுப்பான வேலை. கட்டையின் நடுவில் பென்சில் ஈயம் போல ஓடும் மென்மையான தண்டைத் தவிர்த்து, இரு பக்கமும் 12 முதல் 15 மி.மீ. கனத்தில் பலகையாக அறுக்க வேண்டும். அந்தத் தண்டு பிடிக்குள் வந்தால் அதிலிருந்து நட்சத்திரம் போல வெடிப்பு கிளம்பும். அறுத்த அன்றே இரண்டு முனைகளையும் உருக்கிய மெழுகில் முக்க வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், முனைதான் முதலில் வெடிக்கும். பிறகு இடையில் குச்சி கொடுத்து நிழலில் அடுக்கி வையுங்கள். வெயிலில் வேண்டாம்.

காய்ந்ததா என்று சமையலறைத் தராசு சொல்லும். எடையைப் பென்சிலால் பலகை மேலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதிய ஒரு பலகையில் வரிசை இப்படி இருக்கும்: 68 கிராம், 56, 51, 49, 49, 49. கடைசி எண் மூன்று முறை அப்படியே நின்றால்தான் ஒட்டலாம். 51-இல் பொறுமை போய் ஒட்டியவர்களின் கத்திகள்தான் மேலே சொன்னபடி திரும்பி வருகின்றன.

காத்திருக்க முடியாதென்றால் இடித்த பழைய வீட்டின் தேக்குச் சட்டம் வாங்குங்கள். பல வருடம் காய்ந்தது. ஆச்சா மரத்தின் பழைய துண்டு கிடைத்தால் இன்னும் யோகம், அரத்தைத்தான் தின்றுவிடும்.

தோள் மூலை

காம்பு அலகோடு சேர்கிற இடத்தை 90 பாகைக்கு அரத்தால் சதுரமாக வெட்டினால் கார்டு (அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரலைக் காக்கும் தகடு) நன்றாக ஒட்டி உட்காரும், பார்க்கவும் அழகு. அந்தக் கூர்மூலையில்தான் கத்தி ஒடியும். வளைக்கிற விசை முழுக்க ஒரே புள்ளியில் குவியும்; அங்கே கடினப்படுத்திய எஃகும் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2 முதல் 3 மி.மீ. ஆரத்தில் வட்ட அரத்தால் உருட்டிவிட்டு, கார்டின் துளை ஓரத்தை அதற்கேற்பச் சாய்த்து ராவ வேண்டும்.

கார்டின் துளை

காம்பின் கனத்தைவிட அரை மி.மீ. சிறிய டிரில்லால் வரிசையாகத் துளை போட்டு, மீதியைத் தட்டை அரத்தால் எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதே கனத்துக்கு டிரில் போட்டுவிடுவார்கள். டிரில் சற்றே ஆடினாலும் இடைவெளி விழுந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள்: ஒளிக்கீற்று தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போகும், காம்பு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். இடைவெளியை உருக்கிய உலோகத்தால் பற்று வைத்து அடைக்கப் போனால் வேறு வம்பு. வெள்ளீயப் பற்றுக்கு 220 பாகை தேவை. கடினப்படுத்திய அலகை மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தியது 200-க்குள் என்றால் அந்தச் சூடு ஏறிய மட்டும் எஃகு மென்மையாகிவிடும். அலகை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டுதான் பற்று வைக்க வேண்டும். சேலத்தில் துண்டுத் தகடாகக் கிடைக்கிற 304 எவர்சில்வர் கார்டுக்கு நல்லது, ராவுவதற்குப் பித்தளையைவிட மிகவும் சிரமம்.

சமையல் கத்திக்குக் கார்டு

தேவையில்லை. தீட்டுவதற்கு இடைஞ்சல்.

ஒட்டும் முன் முகப்பு

பிடிக் கட்டையின் அலகுப் பக்க முகப்பை ஒட்டுவதற்கு முன்பே 400 உப்புத்தாள் வரை தேய்த்து முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே அலகைக் கீறாமல் கை வைக்கவே முடியாது. பிதுங்கி வரும் பசையையும் இறுகும் முன் அசிட்டோன் பஞ்சால் துடைக்க வேண்டும். ஐந்து நிமிடப் பசை சேலத்துக் கோடையில் ஐந்து நிமிடம்கூடத் தராது. 24 மணி நேரம் காயும் எப்பாக்சியே போதும். ஒட்டுகிற இரு முகங்களையும் 60 உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். தேக்கும் ஈட்டியும் எண்ணெய் மரங்கள், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். கிளாம்பை முழுப் பலத்தில் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்ட எதுவும் மிஞ்சாது.

பெல்ட்டில் சூடேறும் ஆணி

ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் தேய்க்கும்போது பித்தளை ஆணி மரத்தைவிடச் சீக்கிரம் சூடாகும்; சுற்றியிருக்கும் பசை இளகி, மரத்தில் கருவளையம் விழும். கையுறை போடாமல் தேய்த்தால் விரல் முதலில் சொல்லிவிடும்.

உருண்டைப் பிடி

கடைசல் வேலை தெரிந்தவர்கள் செய்வது. கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் என்று இருட்டில் தெரியாது. 30 மி.மீ. உயரம், 20 மி.மீ. கனம், முட்டை வடிவம்: கண்ணை மூடிப் பிடித்தாலும் திசை தெரியும்.

மான் கொம்பு

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வேண்டாம்.

பளபளக்கும் வார்னிஷ்

ஈரக் கையில் வழுக்கும். காய்ச்சிய ஆளி விதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, நான்கு தடவை, நடுவே ஒவ்வொரு நாள் இடைவெளி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு விறைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.