கடுகு தாளிக்காத கறி மீ

முதல் முறை நான் கறி மீ (தேங்காய்ப் பால் சேர்த்த கறிச் சாறில் மீ எனும் நூடுல்ஸ் போட்ட மலேசிய உணவு) சமைத்தபோது என் மனைவி ஒரு கிண்ணம் முழுவதையும் காலி செய்துவிட்டு, "மீ போட்ட கோழிக் குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். அவள் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் கறி மீ சாப்பிட்டு வளர்ந்தவள் என்பது தெரிந்தால் அதன் பொருள் புரியும்.

குற்றம் என் கையுடையது. எண்ணெய் காய்ந்ததும் கை தானாகவே கடுகு டப்பாவைத் தேடியது. அப்புறம் தக்காளி, இறக்கும்போது ஒரு சிட்டிகை கரம் மசாலா. இந்த மூன்றையும் கைவிட எனக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கறிவேப்பிலைக்கு மட்டும் அனுமதி உண்டு. இங்கே சீனர் கடைகளிலும் போடுகிறார்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் கறி லக்சா என்றும் கறி மீ என்றும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். பினாங்கில் வெறுமனே லக்சா என்று கேட்டால் மீனும் புளியும் சேர்ந்த அசாம் லக்சாதான் வரும். அதில் தேங்காய்ப் பால் இருக்காது. பினாங்குக் கறி மீயின் சாறு வெளுப்பாக இருக்கும், மிளகாய் விழுதைத் தனியாகத் தருவார்கள். நான் செய்வது சாறே சிவந்திருக்கும் கோலாலம்பூர் வகை. வீட்டில் இதைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

நான்கு பேருக்கான அளவு இது. காய்ந்த மிளகாய் 15, விதை தட்டி வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 5 பல், 2 சென்டிமீட்டர் பச்சை மஞ்சள், 3 சென்டிமீட்டர் லெங்குவாஸ். லெங்குவாஸ் என்பது பேரரத்தைதான், ஆனால் பச்சையாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த துண்டு கஷாயத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. செரை எனும் எலுமிச்சைப்புல் 3 தண்டு, அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதி மட்டும். புவா கெராஸ் எனும் கேண்டில்நட் கொட்டை 5. இதைப் பச்சையாக வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும். கிடைக்காவிட்டால் முந்திரி போதும். ஊறவைத்த காய்ந்த இறால் 2 மேசைக்கரண்டி. கடைசியாகப் பெலாச்சான் எனும் புளித்த இறால் விழுது ஒரு மேசைக்கரண்டி, வெறும் சட்டியில் சுட்டது. சுடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டில் துணி காயாத நாளாகவும் பாருங்கள்.

எல்லாவற்றையும் எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும். தண்ணீர் விட்டால் விழுது சட்டியில் வதங்காது, கொதிக்கும். ருசி அங்கேயே போய்விடும். இந்த விழுதுக்கு ரெம்பா என்று பெயர்.

இனிமேல்தான் சமையலே. அடி கனத்த சட்டியில் அரைக் கோப்பை எண்ணெய், சிறு தீ, ரெம்பா. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நல்ல வாசனை வரும். பலர் அங்கே ஏமாந்துவிடுகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் வெங்காயத்தின் பச்சை வாடை போகும். 15 முதல் 20 நிமிடத்துக்குள் விழுது சுருங்கி, நிறம் கறுத்து, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்து நிற்கும். மலாய்க்காரர்கள் இதைப் "பெச்சா மிஞ்யாக்" என்பார்கள், எண்ணெய் உடைவது. அது உடையாமல் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் சரியாகாது. எண்ணெய் பிரிந்த பின் 2 மேசைக்கரண்டி இறைச்சி மசாலாத் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சேர்த்து, இன்னும் மூன்று நிமிடம் வதக்குங்கள். தூளாகவே கொட்டினால் கருகும். இதில் மூன்று கரண்டி விழுதை எடுத்து, சிட்டிகைச் சர்க்கரை கலந்து தனியாக வைத்தால் அதுதான் மேலே வைக்கும் சம்பால்.

சாறுக்கு, 300 கிராம் இறாலை உரித்து, தலையையும் ஓட்டையும் சொட்டு எண்ணெயில் சிவக்க வறுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு கோழித் தொடை போட்டு அரை மணி நேரம் மெல்லக் கொதித்ததும் வடிகட்டுங்கள். கோழியைப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். வடித்த சாறு ரெம்பாவோடு சேர்ந்து 15 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு கறிவேப்பிலை, பஞ்சுபோல் உள்ளே துளையாக இருக்கும் பொரித்த தௌபு (டோஃபு) 12 துண்டு, உரித்த இறால். தௌபுவை முன்பே வெந்நீரில் அலசிப் பிழிந்தால் பழைய எண்ணெய் வாடை வராது. கடைசியில்தான் 400 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால். ஊற்றிய பிறகு ஓரம் நுரைத்தால் போதும். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். உப்பைக் கடைசியில் பாருங்கள், பெலாச்சானிலேயே நிறைய இருக்கிறது.

மஞ்சள் மீயில், மாவில் சேர்க்கும் காரத் தண்ணீரின் (மிளகாய்க் காரம் அல்ல, அல்கலி) வாசம் இருக்கும். அரை நிமிடம் வெந்நீரில் முக்கி எடுத்தால் போய்விடும். நான் பாதி மீ, பாதி மீகூன் எனும் மெல்லிய அரிசி நூடுல்ஸ் போடுகிறேன். மேலே தவுகே எனும் முளைப்பயறு, கோழி, அவித்த முட்டையில் பாதி, புதினா. கெராங் சிப்பியைக் கடைகளில் அரைவேக்காட்டில் போடுவார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, விட்டுவிடுவேன்.

கிண்ணத்தில் சாறை ஒரே தடவையில் ஊற்றி முடித்துவிடாதீர்கள். கடைக்காரரைக் கவனித்திருப்பீர்கள்: ஊற்றுவார், கரண்டியால் மீயை அணைத்துப் பிடித்துச் சாறைத் திரும்பப் பானைக்கே வடிப்பார், மறுபடி ஊற்றுவார். வேடிக்கைக்காக அல்ல. மீயும் கிண்ணமும் சூடேறினால்தான் கடைசி வாய்வரை சாறு ஆறாது. சம்பால் ஒரு கரண்டி, லீமாவ் கஸ்தூரி எனும் குட்டி எலுமிச்சை ஒன்றின் பிழிவு, அவ்வளவுதான்.

மீயைச் சாறில் ஊறவிட்டு எடுத்துவைக்காதீர்கள், காலையில் களியாகிவிடும். மிஞ்சிய சாறை மட்டும் தனியாக வையுங்கள். மறுநாள் காலை என் மனைவி அதை இடியாப்பத்தில் ஊற்றிக்கொள்வாள். அதற்கு முன் சின்ன வாணலியில் ஏதோ வெடிக்கும் சத்தம் சமையலறையிலிருந்து வரும். நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுப்பதில்லை.