சிறுநீர்க் கசிவும் கீழே விழுவதும்: பயிற்சி தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தர வரும் இளம் பிசியோதெரபிஸ்டுகளைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துக் கோளாறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. வழுக்கும் செருப்பு, ஈரத் தரை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

"சீக்கிரம் போங்கம்மா"

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. நாற்காலியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. 70 தாண்டிய ஓர் அம்மாவுக்குச் சட்டென்று முகம் மாறியது. தொடைகளை ஒட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு விரைந்தார். கதவைத் திறந்துவிட்ட பயிற்சியாளர் சொன்னதுதான் மேலே இருப்பது. அம்மா படியில் தடுக்கி, கதவுநிலையைப் பிடித்துத் தப்பினார். கசிவு மட்டும் தப்பவில்லை.

சிறுநீர் முட்டுவது ஏறி இறங்கும் உணர்வு. அது உச்சத்தில் இருக்கும்போது ஓடினால் கவனமெல்லாம் அடிவயிற்றில்தான். கால் எங்கே படுகிறதென்று யார் பார்ப்பது? சொல்லித்தர வேண்டியது வேறு. அப்படியே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். மூச்சைப் பிடிக்காமல், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். முட்டல் தணிந்ததும் நிதானமாக நடங்கள். லேசாக முட்டும்போதே இதைப் பழக்கினால்தான் பிறகு கைகொடுக்கும்.

"அதுக்குள்ள போயிட்டா?" என்பார்கள். ஆரம்பத்தில் போகத்தான் செய்யும். துணி மாற்றிக்கொள்ளலாம், இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, படுக்கை.

"இறுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்வது

பலர் மூச்சைப் பிடித்துக் கீழே முக்குவார்கள். நேர் எதிர் வேலை அது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்த பெண்களில் நால்வரில் ஒருவர் கசிவைக் கூட்டும் விதமாகவே செய்தார். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்கச் சொல்லுங்கள். வயிறும் பிட்டமும் தளர்வாக இருக்கட்டும். ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம்.

சிறுநீர் போகும்போதே நிறுத்திப் பழகுவது

வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்கச் சொல்வது

சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். இரவில் அடிக்கடி எழுபவர்கள் தூங்கப்போகும் முன் மட்டும் குறைக்கலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால், அதன் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும்.

உட்கார்ந்தே முடியும் வகுப்பு

நாற்காலியில் கையை மட்டும் ஆட்டினால் சமநிலை வராது. நிற்க வையுங்கள், பக்கவாட்டில் நடக்க வையுங்கள், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் செய்யுங்கள். அப்புறம், எழும் கணத்தில் இடுப்புத்தளத்தையும் இறுக்கச் சொல்லுங்கள். பலருக்குக் கசிவது அப்போதுதான்.