லண்டனில் செயின்ட் பால் குவிமாடத்தை எங்கிருந்து பார்க்கலாம்?

லண்டன் போகிறவர்கள் செயின்ட் பால் தேவாலயத்தை வாசலில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதன் குவிமாடம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஊரில் 1930களிலிருந்து கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

முதலில் ரிச்மண்ட் பூங்கா. அங்கே பெம்ப்ரோக் லாட்ஜ் தோட்டத்துக்குள் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்றொரு மேடு. வேலிச்செடியில் வெட்டிய இடைவெளி வழியே பார்த்தால் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி குவிமாடம் தெரியும். தொலைநோக்கியும் வைத்திருக்கிறார்கள். குவிமாடம் கிழக்கே இருப்பதால் பிற்பகலில் போங்கள், வெயில் அதன்மேல் விழும். மூடுபனி நாளென்றால் வீண் அலைச்சல். குவிமாடத்துக்குப் பின்னால் ஒரு கோபுரம் முளைத்திருக்கும். 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த அந்த 42 மாடிக் கட்டடத்தால் பெரிய சர்ச்சையே நடந்தது. முன்னால் மறைக்காவிட்டாலும் பின்னால் நின்று கெடுக்க முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அப்புறம் ஃப்ளீட் தெரு. மேற்கிலிருந்து நடந்து வாருங்கள். 225 மீட்டர் லீடன்ஹால் கட்டடம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல, இந்தத் தெருவிலிருந்து குவிமாடத்தை நெருக்காமல் ஒதுங்கத்தான். எனக்கு அந்தச் சமரசம் பிடிக்கும்.

கிட்டத்தில் பார்க்க, தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள ஒன் நியூ சேஞ்ச் வணிக வளாகத்தின் மொட்டைமாடி. லிஃப்டில் ஏறலாம், கட்டணம் கிடையாது. வானளாவிய கட்டடம் ஒன்றின் உச்சியிலுள்ள ஸ்கை கார்டன் என்ற தோட்டமும் இலவசம்தான், ஆனால் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.