'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்': தைப்பூசத் தேரை வைத்து ஒரு பயிற்சி

மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுக்காக என் மகள் பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். வெள்ளித் தேரின் அழகு சொல்லில் அடங்காது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். 'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்' (beggars description) என்றேன். ஆனால் தாளில் எழுதிக் காட்டியபோது நானே பிழை செய்துவிட்டேன்.

படி 1: 'பெக்கர்' இங்கே வினைச்சொல்.

நான் இடறிய இடம் இதுதான். பெக்கர் என்றதும் பிச்சைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். எஸ் எழுத்துக்கு முன்னால் ஒரு மேற்குறியை (அப்பாஸ்ட்ரஃபி) போட்டேன். 'பிச்சைக்காரரின் வர்ணனை' என்று பொருள் மாறிப்போனது! வினையாக வரும்போது இச்சொல்லுக்கு ஏழையாக்குதல் என்று பொருள். பார்த்த காட்சி வர்ணனையையே ஏழையாக்கிவிடுகிறது; கையிலுள்ள சொற்களையெல்லாம் செலவழித்தும் போதவில்லை. அந்த எஸ் நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு வருவது மட்டுமே. இறந்தகாலத்தில் 'பெக்கர்ட்' என்றாகும். முன்னால் 'இஸ்', 'வாஸ்' எதுவும் வேண்டாம்.

படி 2: எழுவாய் காட்சிதான், நாம் அல்ல.

'என்னால் வர்ணிக்க முடியவில்லை' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'ஐ' என்று தொடங்காதீர்கள். 'தி சாரியட் பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்'. அவ்வளவுதான்.

படி 3: எங்கே வைப்பது?

வர்ணிக்கச் சோம்பல்பட்டு இத்தொடரைப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஷேக்ஸ்பியரின் 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' நாடகத்தில் ஆன்டனியின் நண்பன் ஈனோபார்பஸ், அரசி கிளியோபாட்ராவின் படகைப் பற்றிப் பேசுவதைப் பாருங்கள். தங்கத் தகடு வேய்ந்த படகின் பின்புறம், ஊதா நிறப் பாய்கள், வெள்ளித் துடுப்புகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கிளியோபாட்ராவிடம் வரும்போதுதான் அவள் தோற்றம் எல்லா வர்ணனையையும் ஏழையாக்கியது என்கிறான். எவ்வளவு அழகான வரிசை! மகளிடமும் அதையே செய்யச் சொன்னேன். சிதறிய தேங்காய்களால் வெண்மையான சாலை, கற்பூர வாசனை, தமிழரோடு சீனரும் தேங்காய் உடைக்கும் சத்தம். இவற்றை எழுதிய பிறகு, தேர் திரும்பும் அந்த நொடிக்கு மட்டும் இத்தொடர். ஒரு கட்டுரைக்கு ஒரு முறை போதும்.

மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்கு நம்பவே வேண்டாம். ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிதான் என் தேர்வு, அதிலும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ். பெயர்ச்சொல்லைத் தாண்டி வினைச்சொல் பகுதிவரை படியுங்கள். இன்னும் பயமாக இருந்தால் 'டிஃபைஸ் டிஸ்கிரிப்ஷன்' என்று எழுதுங்கள். பொருள் அதேதான், மேற்குறிச் சிக்கல் வராது.

பிற்சேர்க்கை: பத்துமலையைப் பற்றி 'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வாக்கியம் எழுதி அனுப்பிய கோலாலம்பூர் வாசகி ஒருவர், 'பெக்கர்ஸ் பிலீஃப்' (நம்பவே முடியவில்லை) என்றும் புகழலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், அக்கா. அது பெரும்பாலும் 'இப்படியும் நடக்குமா!' என்ற ஆற்றாமையில் வருவது. மூன்று மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார்க் கடிதம் எழுதும்போது அது பொருந்தும். 'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்' தொடரையும் குப்பைமேட்டைப் பற்றிச் சொல்ல முடியும் என்பதால், பத்துமலையைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த வாக்கியத்தில் 'அழகு' என்பதற்கான சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.