வல்வா புற்றுநோய் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின்

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் மழுப்பியதிலேயே எனக்கு ஆறு மாதம் போய்விட்டது. வல்வா புற்றுநோய். பெண்ணுறுப்பில் வெளியே கண்ணுக்குத் தெரிகிற பகுதிதான் வல்வா: பெரிய இதழ்கள், சிறிய இதழ்கள், கிளிட்டோரிஸ், சிறுநீர்த் துளையையும் யோனி வாயையும் சுற்றியிருக்கிற தோல். கர்ப்பப்பையும் சினைப்பையும் இதில் சேராது. கேட்டவர்களிடமெல்லாம் "கர்ப்பப்பையில் ஒரு கட்டி, எடுத்துட்டாங்க" என்று சொல்லிவைத்தேன். அதனால் வந்தவர்கள் எல்லோரும் கர்ப்பப்பை எடுத்தவளுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள், "உட்காரும்மா, ஏன் நிக்கிறே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், எனக்கோ உட்காருவதுதான் முடியாத ஒரே காரியம். அதனால் நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனால் வீட்டில் ஒரே ஒருவரிடமாவது எந்த இடத்தில், எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். புண்ணைப் பார்த்துச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண் கட்டாயம் தேவைப்படும்.

இது அரிய நோய்தான். வயதானவர்களுக்கு அதிகம் வரும், இளம் வயதிலும் வரும். பெரும்பாலும் தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்குகிற வகை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஒன்று உடலுறவில் தொற்றுகிற எச்பிவி வைரஸ், இன்னொன்று லைகன் ஸ்கிளீரோசஸ் என்கிற, வெள்ளைத் திட்டாக வந்து ஓயாமல் அரிக்கிற நாள்பட்ட தோல் கோளாறு. எனக்கு இரண்டாவது. பல வருட அரிப்பை வெள்ளைப்படுதல் என்று நானே முடிவு செய்து களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

கட்டியையும் சுற்றியுள்ள தோலையும் மட்டும் வெட்டி எடுத்தார்களா, ஒரு பக்கம் முழுவதுமா, வல்வா முழுவதுமா, வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்களா என்று கேளுங்கள். படம் வரைந்து காட்டச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி தொடை இடுக்கைப் பற்றியது. காலில் புண் வந்தால் அங்கே நெறி கட்டும் இல்லையா, அந்த நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் இந்தப் புற்றுநோய் முதலில் போகும். கட்டி 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தால் அவற்றைச் சோதித்தாக வேண்டும். கட்டி ஒன்றே ஒன்றாக, 4 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்து, நெறியும் சந்தேகப்படும்படி இல்லாவிட்டால், எல்லா முடிச்சுகளையும் எடுக்காமல், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேருகிற காவல் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. 2008ல் வெளியான ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், காவல் முடிச்சை மட்டும் எடுத்தவர்களில் கால் வீக்கம் வந்தவர்கள் 1.9 சதவீதம், முழுவதும் எடுத்தவர்களில் 25.2 சதவீதம். உங்களுக்கு எது செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வீட்டுக்கு வந்தபின் உங்கள் காலை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பது இருக்கிறது. காவல் முடிச்சைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் ஊசியில் போட்டிருந்தால் முதல் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாக வரும். பையில் அந்த நிறத்தைப் பார்த்து நான் மணி அடித்து நர்ஸைக் கூப்பிட்டேன், நீங்கள் பயப்பட வேண்டாம்.

பயாப்ஸி முடிவின் நகலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இருந்ததா, எத்தனை முடிச்சு எடுத்தார்கள், அதில் எத்தனையில் இருந்தது, இந்த மூன்று வரிகள்தான் அடுத்து கதிர்வீச்சு வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும்.

புண்ணைப் பார்த்துக்கொள்வது

கண்ணாடி வேண்டும். கையில் பிடிக்கிற சிறிய கண்ணாடி போதும். வார்டில் ஒரு நர்ஸ்தான் அதை என் கையில் கொடுத்து, "அக்கா, இன்னிக்கு நான் கூட இருக்கும்போதே பார்த்துடுங்க, வீட்ல தனியா முதல்முறை பார்க்க வேண்டாம்" என்றார். பார்த்தேன். வீங்கி, ஊதா நிறத்தில், கறுப்புத் தையல்களோடு, என் உடம்பு மாதிரியே இல்லை. அழுதேன், அவர் கண்ணாடியை வாங்கிக்கொள்ளாமல் காத்திருந்தார், பிறகு நான் மறுபடி பார்த்தபோது எது வீக்கம், எது தையல் ஓரம், எது சாதாரணக் கசிவு என்று விரலால் காட்டிச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் வீட்டில் எனக்கு நல்ல புண்ணுக்கும் கெட்ட புண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. உங்களுக்கு யாரும் காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சுத்தம் செய்ய வாய் குறுகிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, அழுத்தினால் தண்ணீர் மெதுவாகப் பீய்ச்சுகிற மாதிரி. சிறுநீர் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து விட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சல் பாதியாகும். முடிந்ததும், மலம் கழித்தபின் ஒவ்வொரு முறையும், முன்னாலிருந்து பின்னால் போகும்படி கழுவுங்கள். தேய்க்காதீர்கள். மெல்லிய சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு கால்களை விலக்கிப் படுத்துச் சிறிது நேரம் காற்றாட விடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்றில் மட்டும், ஒரு முழம் தள்ளிப் பிடிக்கலாம். உணர்ச்சி மரத்துப்போயிருக்கும் இடத்தில் சூடு பட்டால் தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள். வாசனை சோப்பு, டெட்டால் மாதிரியான கிருமிநாசினி, பவுடர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது டாக்டர் சரி என்று சொன்னபிறகு.

சிறுநீர் முன்போல ஒரே தாரையாக வராமல் சிதறும், தொடையில் வழியும். இதழ்கள்தான் அதை வழிப்படுத்திக்கொண்டிருந்தன, அவை இல்லையென்றால் இப்படித்தான். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள், பலருக்கு அது உதவுகிறது. எரிகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் இன்னும் கெட்டியாகி இன்னும் எரியும், ஆகவே அதிகமாகக் குடியுங்கள். வலி மாத்திரைகளில் மார்ஃபின் மாதிரியான ஓபியாய்டு வகை இருந்தால் மலம் இறுகும், முக்கினால் தையலில் இழுக்கும். லாக்டுலோஸ் மாதிரி மலத்தை இளக்குகிற மருந்து ஏதாவது ஒன்றை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மலச்சிக்கல் வந்தபிறகு அல்ல.

உட்காருவதற்கு நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது தையலை இரண்டு பக்கமும் விரித்து இழுத்தது, சிகிச்சை செய்தவர்களும் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துப் பாதி சாய்ந்து படுப்பது நல்லது. எழும்போது ஒருக்களித்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கையை ஊன்றி எழுங்கள். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக, ஒரு நாளைக்குப் பல முறை நடங்கள், ஏனென்றால் இடுப்புப் பகுதிப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிற ஆபத்து நிஜமானது. அதற்காகத்தான் வயிற்றில் போடுகிற ஹெபாரின் வகை ஊசியைப் பலருக்கு 28 நாள் வரை கொடுக்கிறார்கள். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

தையல் பிரிவது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் நீட்டி எழுதுகிறேன். எப்போதும் ஈரமாக, அசைந்துகொண்டே இருக்கிற இடம், தையலின் இழுவையும் அதிகம். அதனால் இங்கே தையல் ஓரிடத்தில் விடுவது சகஜம். எனக்குப் பதினோராம் நாள் பின்பக்க ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குத் திறந்துகொண்டது. நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் பார்த்த டாக்டர் மறுபடி தைக்கவில்லை, சுத்தமாக வைத்திருந்தால் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடும் என்றார், ஏழு வாரத்தில் மூடியது. அடியில் சிவப்பாக, ஈரமாக, பொடிப்பொடியாகச் சதை தெரிந்தால் அது ஆறுகிற புண். பழுப்பாக, நாற்றமடிக்கிற சீழோடு இருந்தால், அல்லது சுற்றிலும் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால் அன்றே காட்டுங்கள்.

உடனே போக வேண்டிய மற்றவை: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பேடை நனைக்கிற ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் ராத்திரி எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்கு. விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

தொடை இடுக்கும் காலும்

இடுக்கில் டிரெய்ன் குழாய் இருந்தால் ஒரு நாளில் எவ்வளவு நீர் வந்தது என்று மில்லிலிட்டரில் எழுதி வையுங்கள், அது குறைந்தால்தான் எடுப்பார்கள். எடுத்தபிறகு அங்கே மெத்தென்று ஒரு வீக்கம் வரலாம், நிணநீர் தேங்கியிருக்கும். சிறியது தானாக வற்றும். வலித்தாலோ சூடாக இருந்தாலோ காட்டுங்கள், அமுக்கி எடுக்க முயலாதீர்கள்.

நிணநீர் வீக்கம் வேறு விஷயம், முடிச்சுகளை எடுத்ததால் நிணநீர் சரியாக வடியாமல் கால் வீங்குவது. அது அறுவை முடிந்து சில மாதங்கள் கழித்தும் வரலாம், சில வருடங்கள் கழித்தும் வரலாம். ஆரம்பத்தில் வீக்கமாகவே தெரியாது, மாலையானால் கால் கனக்கும், காலுறையின் பட்டை பதிந்த கோடு போகாது, அவ்வளவுதான். அதனால் அளந்து வையுங்கள். தையற்காரர் டேப் ஒன்று, கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு காலிலும் அதே மூன்று இடம், வாரம் ஒரு முறை காலையில் எழுந்ததும். எனக்கு நான்காம் மாதம் இடது தொடையில் 2 சென்டிமீட்டர் கூடியது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சீக்கிரம் போனதால் அளவெடுத்த அழுத்தக் காலுறையும், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் தடவிவிடும் முறையும் போதுமாக இருந்தது, இன்றுவரை அதற்கு மேல் ஏறவில்லை. வல்வாவின் எஞ்சிய தோலிலும் இந்த வீக்கம் வரலாம், அதையும் சொல்லத் தயங்காதீர்கள்.

காலில் ஒரு சிறு கீறல்கூட கிருமிக்கு வாசல். வெறுங்காலோடு நடக்காதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், தினமும் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள், பூச்சிக்கடியைச் சொறியாதீர்கள். கால் சிவந்து, சூடாகி, குளிர் நடுக்கம் வந்தால் அது செல்லுலைட்டிஸ் என்கிற தோலடிக் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும், ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்ப் பாதையை இன்னும் கெடுக்கும்.

தாம்பத்தியம்

புண் முழுவதும் ஆறி, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம், தையல் பிரிந்திருந்தால் இன்னும் அதிகம். அதற்குப் பிறகும் அவசரமில்லை. சில இடங்கள் மரத்துப்போயிருக்கும், சில இடத்தில் தொட்டாலே ஷாக் அடிப்பது போல இருக்கும். யோனி வாய் தழும்பால் இறுகியிருந்தால் அதைத் தளர்த்த டைலேட்டர் என்கிற கருவி இருக்கிறது. தண்ணீர் அடிப்படையிலான வழுக்குக் களிம்பு கட்டாயம். கிளிட்டோரிஸை எடுத்திருந்தால் உச்சம் மாறிப்போகும், சிலருக்குக் கிடைக்காமலும் போகும். இது இழப்புதான், துக்கப்படுங்கள், "உயிர் பிழைச்சதே பெரிசு" என்று யாராவது சொன்னால் அதற்காக இதை விழுங்க வேண்டியதில்லை. கணவரிடம் நான் முதலில் வார்த்தையால் சொல்ல முடியாமல் டாக்டர் வரைந்த அந்தப் படத்தைக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கே தொட்டா வலிக்கும்னு மட்டும் காட்டு" என்றார். அங்கிருந்து ஆரம்பித்தோம்.

திரும்ப வருமா

வரலாம். அதே இடத்தில், ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் வரலாம். சிறியதாக இருக்கும்போதே பிடித்தால் மறுபடி வெட்டி எடுத்துக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, அப்புறம் இடைவெளி கூடும், ஆனால் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள், புண் ஆறுவதையும் அது கெடுக்கும். லைகன் இருந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை அரிப்பு நின்றபிறகும் அவர் சொன்ன கணக்கில் தொடர்ந்து போடுங்கள்.

இரண்டு டாக்டர் சந்திப்புகளுக்கு நடுவில் கண்ணாடி. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, குளிப்பதற்கு முன், நல்ல வெளிச்சத்தில். ஆறாத புண், புதுத் திட்டு, நிறம் மாறிய தோல், மரு மாதிரி தடிப்பு, இடுக்கில் நெறி, இவற்றைத்தான் தேடுகிறோம். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று தேதியோடு குறித்துவைத்தால் டாக்டரிடம் சொல்வது சுலபம். போன மாதம் வலது ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு பார்த்தேன், மூன்றாம் நாளே காட்டினேன், சிறிது கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். லைகன்தான் என்று வந்தது. களிம்பை இப்போது தினமும் போடச் சொல்லியிருக்கிறார், ஆறு வாரம் கழித்து மறுபடி காட்ட வேண்டும்.